கேட்டுக்காரி பேச்சியம்மாள்

எங்கள் ஊரில் அமைதியை நிலைநாட்டியவர்கள் யார் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் பஞ்சாயத்து அலுவலகச் சுவரைப் பார்க்கலாம். கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் ஒன்று அங்கே தொங்குகிறது. வெள்ளையூரணி இளைஞர் நல்லிணக்க அமைதிக் குழுவின் ஒன்பது பெயர்களும் அதில் உண்டு. முதல் பெயர் பஞ்சாயத்துத் தலைவர் சுடலை. மூன்றாவது பெயர் செயலாளர் பாலகுரு, அது நான்தான். இரண்டாவது பெயருக்குரிய துணைத்தலைவர் மொத்தம் இரண்டு கூட்டங்களுக்கு வந்தார். முதல் கூட்டத்தில் வடையில் உப்பு இல்லை என்றார், அடுத்ததில் உப்பு கூடிவிட்டது என்றார். இரண்டு கருத்துகளையும் நான் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றியிருக்கிறேன்.

பேச்சியம்மாளின் பெயர் அந்தச் சான்றிதழில் இல்லை. இருந்திருந்தால் அதில் ஒரே ஒரு உண்மையாவது இருந்திருக்கும்.

அவர் மல்லாங்கிணறு பக்கம் ஒரு மானாவாரிக் காட்டில் பிறந்தவர். மழை பெய்தால் களை எடுப்பது, பெய்யாவிட்டால் வானத்தைப் பார்ப்பது என்ற இரண்டு வேலைகளும் கற்றவர். பத்தொன்பது வயதில் எங்கள் மேலத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தார். மாப்பிள்ளை சோலைச்சாமி எனக்குப் பெரியப்பா மகன், ஆகவே பேச்சியம்மாள் எனக்கு மதினி. அண்ணனைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்ல வேண்டுமென்றால், அவர் வாழ்நாளில் யாருக்கும் தொந்தரவு கொடுத்ததில்லை. வேலை கொடுக்கிறவர்களுக்குக்கூட. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து உலக நடப்பைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை அவர் எடுத்துக்கொண்டதால், குடும்பத்தைக் கவனிக்கிற சின்ன வேலை மதினியிடம் வந்தது.

மதினி தாயில்பட்டிப் பக்கத்தில் ஒரு பட்டாசு கம்பெனிக்குப் போனார். பத்து வருஷம் சரம் பின்னினார். பிறகு, பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று கண்டுபிடித்து, அவரைக் கேட்டில் நிறுத்தினார்கள். காலை ஏழரைக்கு வேன்கள் வந்து நிற்கும். இறங்குகிற ஒவ்வொரு பெண்ணையும் தலைமுடியிலிருந்து இடுப்புச் சுருக்குவரை தடவிப் பார்க்க வேண்டும். தீப்பெட்டி, செல்போன், கொண்டை ஊசி, கொலுசு எதுவும் உள்ளே போகக்கூடாது. ஆண்களை இன்னொரு வாசலில் வாட்ச்மேன் பார்ப்பார். சாயங்காலம் வெளியே போகும்போதும் இதே கதைதான். சரக்கு எதுவும் போய்விடக்கூடாது என்பதற்காக.

அந்தக் கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. ஒரு ரூமில் நாலு பேர் வேலை செய்வார்கள். அதில் ஒருவரிடம் ஏதாவது பிடிபட்டால், நாலு பேருமே அன்றைக்கு வீட்டுக்குப் போகவேண்டும். அநியாயமான சட்டம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால், தன் பிழைப்பு பக்கத்தில் இருப்பவள் இடுப்பில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, பெண்கள் ஒருவரை ஒருவர் வேனிலேயே சோதித்துக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். ஒருதடவை முதலாளியின் மச்சினன் சட்டைப் பையில் சிகரெட் லைட்டர் துருத்திக்கொண்டு தெரிய, மதினி நின்ற வாசலுக்குக் காரில் வந்தான். மதினி காரை உள்ளே விடவில்லை.

"நான் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டான்.

"தெரியும்யா. மொதலாளி மச்சினன். வெடிச்சா ஒங்களையும் சாக்குலதான் அள்ளணும். எறங்குங்க" என்றார் மதினி.

முதலாளி தன் மச்சினனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, மதினியை அதே கேட்டில் வைத்துக்கொண்டார். அன்றிலிருந்து அவர் ஊருக்குக் கேட்டுக்காரி ஆனார்.

இனி எங்கள் ஊர் வீரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டு தெருக்காரர்களும் முன்பு ஒரே காடுகளில் கூலி வேலை பார்த்தார்கள், இப்போது ஒரே கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். ஒரே வேனில் போய், ஒரே கரித்தூளை மூக்கில் ஏற்றி, ஒரே மாதிரி இருமிக்கொண்டு வருகிறார்கள். இருந்தாலும் மேலத்தெரு பெரிதா கீழத்தெரு பெரிதா என்ற கேள்வி பாக்கி இருந்தது. பெரியவர்கள் வயதாகிக் களைத்துவிட்டதால், அந்த ஆராய்ச்சியைப் பையன்கள் எடுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் யார் படியில் நிற்பது, செல்போனில் யார் பாட்டைச் சத்தமாக வைப்பது, யார் பைக்கை முறுக்கிக்கொண்டு யார் தெருவில் போவது என்று ஆராய்ச்சி பல கிளைகளாக விரிந்தது. ஆண்டறிக்கை பங்குனிப் பொங்கலில் மாரியம்மன் கோவில் திடலில் வெளியாகும்.

2006ஆம் வருஷத்துப் பொங்கலில் கல்லெறிதான் முதலில் தொடங்கியது. பிறகு யாரோ பாட்டிலில் வெடிமருந்தை அடைத்துத் திரி வைத்து எறிந்தார்கள். கண்ணாடிச் சில்லு ஒன்று கீழத்தெரு செல்லத்தாயின் மகன் நல்லசிவத்தின் இடது கண்ணில் போய்க் குத்தியது. அவனுக்கு அப்போது வயது பத்தொன்பது. மதுரைக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள், கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை. எறிந்தது யார் என்று போலீஸ் மேலத்தெருவில் வீடு வீடாகக் கேட்டது. யாருக்கும் தெரியவில்லை. நூற்று முப்பது வீட்டுக்கும் ஒரே வார்த்தையில், ஒரே குரலில் தெரியவில்லை. எனக்கும்தான்.

இருபது நாள் கழித்து செல்லத்தாய் வேலைக்கு வந்தார். கேட்டில் மதினிக்கு முன்னால் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். மதினி இடுப்பில் கை வைத்தபோது செல்லத்தாய் கேட்டார்:

"ஏ பேச்சியக்கா, எங்க இடுப்பத் தெனமும் தடவிப் பாக்குறீகளே. ஒங்க தெருப் பயலுக இடுப்ப ஒருநாளாச்சும் இப்பிடித் தடவிப் பாத்திருந்தா, எம்புள்ளைக்குக் கண்ணு இருந்திருக்கும்ல?"

கோபமாகக் கேட்கவில்லையாம். வேன் எப்போ வரும் என்று கேட்பதைப்போலக் கேட்டாராம். மதினி என்னிடம் இதைச் சொன்னபோது, "மூஞ்சியில துப்பியிருந்தாக்கூடத் தொடச்சுக்கிட்டுப் போயிருப்பேன் கொழுந்தனாரே" என்றார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. அமைதிக் குழு அமைத்தோம். நான் சிவகாசியில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். காலண்டரில் ராகு காலம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது என் பொறுப்பு. நாட்டுக்கே நல்ல நேரம் பார்த்துக் கொடுக்கிறவன் என்பதால் ஊரில் எழுத்து வேலை எல்லாம் என் தலையில்தான் விழும். குழுவின் முதல் பணியாக, இளைஞர்களை நல்வழிப்படுத்த ஒரு பிளெக்ஸ் பேனர் வைப்பது என்று தீர்மானித்தோம். அந்தச் சமயம் பிளெக்ஸ் புதிதாக வந்திருந்தது. காது குத்துக்கும் கருமாதிக்கும் பிளெக்ஸ் வைத்த ஊர் அமைதிக்கு வைக்காமல் இருக்குமா? 'வன்முறையை விடு, வாழ்ந்து காட்டு' என்று வாசகத்தை நானே எழுதினேன். இரண்டு தெருவிலிருந்தும் எட்டு எட்டுப் பையன்களின் படங்களைப் போட்டோம். மேல் வரிசையில் மேலத்தெரு, அடி வரிசையில் கீழத்தெரு. கீழத்தெருக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். வரிசையில் என்ன இருக்கிறது, நோக்கம்தான் முக்கியம் என்று தலைவர் சுடலை விளக்கினார். அவருடைய படம் இரண்டு வரிசைக்கும் மேலே தனியாக இருந்தது.

பேனர் கட்டிய அன்று சாயங்காலமே ஒரு நாய் வந்து கம்பத்தடியில் காலைத் தூக்கியது. அடி வரிசையில் மூன்று பேர் நனைந்தார்கள். அந்த நாய் மேலத்தெரு நாய் என்பது உடனடி விசாரணையில் உறுதியானது. பிறகு நடந்ததை விவரிக்கத் தேவையில்லை. பேனர் கட்டியிருந்த சவுக்குக் கம்புகளையே பிடுங்கி அடித்துக்கொண்டார்கள். நாலு பேருக்குத் தையல். 'வாழ்ந்து காட்டு' என்ற பாதியை யாரோ கிழித்துக்கொண்டு போய் ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை போட்டார்கள். அதன்பின் மழைக்கு ஆடுகள் நனையவில்லை. குழுவால் ஊருக்குக் கிடைத்த முதல் பயன் அது.

2007 மாசியில் குழு மறுபடி கூடியது. பொங்கலுக்கு ஒரு மாதம் இருந்தது. கூப்பிடாமலே மதினி வந்து கதவோரம் நின்றார். பக்கத்தில் செல்லத்தாய் நின்றார். இந்த இரண்டு பெண்களையும் ஒன்றாகப் பார்த்ததும் துணைத்தலைவர் வடையைக் கீழே வைத்துவிட்டார்.

மதினி சொன்ன திட்டம் இவ்வளவுதான். திடலைச் சுற்றிக் கயிறு கட்டி, உள்ளே போக ஒரே ஒரு வழி விட வேண்டும். அங்கே கம்பெனியில் செய்வதைப்போல ஒவ்வொருத்தனையும் தடவிப் பார்க்க வேண்டும். மேலத்தெருப் பையன்களைக் கீழத்தெருத் தாய்மார் பார்ப்பார்கள், கீழத்தெருப் பையன்களை மேலத்தெருத் தாய்மார் பார்ப்பார்கள். ஒருத்தன் மாட்டினால் அவன் செட்டு மொத்தமும் வெளியே. பிடிபட்ட பொருளை உடனே போட ஒரு டிரம் நிறையத் தண்ணீர் வேண்டும்.

தலைவர் சுடலைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அதெப்பிடிம்மா? அந்தத் தெருப் பொம்பள இந்தத் தெருப் பையனத் தொடுறதா? ஊர்ல ஒரு வழக்கம் இருக்குல்ல?"

எங்கள் ஊர் வழக்கத்தை வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தெருக்காரர் இன்னொரு தெருக்காரரைக் கையால் தொடக்கூடாது. கம்பால் தொடலாம், கல்லால் தொடலாம், பாட்டிலால் தொடலாம்.

"கம்பெனியில தெனமும் நான் செல்லத்தாயத் தொடுறேன். அவ எனக்குத் தண்ணி மோந்து தாரா. என் கையி அழுகியா போச்சு?" என்றார் மதினி. "இந்தா பாருங்க. கேட்டுப் போட்டாத்தான் நாங்க பானை வைப்போம். ரெண்டு தெரு வேன் பொம்பளைகளும் பேசி முடிச்சாச்சு. இல்லையின்னா ஒங்க குழுவே பொங்கி எறக்கிக்கிடட்டும்."

அரிசி களையத் தெரிந்த உறுப்பினர் குழுவில் ஒருவரும் இல்லாததால், தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

பொங்கலன்று கயிறு கட்டினார்கள். டிரம்மை நிரப்பினார்கள். பையன்களுக்கு வெட்கமும் ஆத்திரமும் தாங்கவில்லை. "பொம்பளைக தடவிப் பாக்க நாங்க என்ன ஆடா மாடா?" என்று ஒருவன் மல்லுக்கு நின்றான். "பொம்பள கை படாமயாலே நீ பொறந்து வளந்தே? கையத் தூக்குலே" என்றார் மதினி. தூக்கினான். பீடிக்கட்டு கிடைத்தது, பீர் பாட்டில் மூடிகள் கிடைத்தன, ஒருவன் பையில் ஒரு பெண்ணின் பாஸ்போர்ட் சைஸ் படம் கிடைத்தது. அதை மதினி யாருக்கும் காட்டாமல் திரும்ப வைத்தார்.

மத்தியானம் மூன்று மணி இருக்கும். நல்லசிவத்தின் செட்டு வந்தது, பதினொரு பேர். அதில் நாலாவதாக நின்ற பையனின் இடுப்பில் ஒரு மடக்குக் கத்தி இருந்தது. கொய்யாப்பழம் வெட்ட வைத்திருந்ததாகச் சொன்னான். மதினி கத்தியை டிரம்மில் போட்டுவிட்டு, பதினொரு பேரையும் வெளியே போகச் சொன்னார்.

நல்லசிவம் மதினியைப் பார்த்தான். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தான். "கண்ணும் எங்களுக்குத்தான் போகணும், பொங்கலும் எங்களுக்குத்தான் போகணுமா?" என்றான்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்யா" என்றார் மதினி. பதினொரு பேரும் கண்மாய்க் கரையில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். கொட்டுச் சத்தத்தை அங்கிருந்தே கேட்டார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து அடுத்த வரிசையில் முனியராஜ் வந்தான். மதினியின் ஒரே மகன். இருபது வயது, அதே கம்பெனியில் லோடு ஏற்றுகிறவன். செல்லத்தாய்தான் அவனைத் தடவிப் பார்த்தார். நான் நோட்டும் பேனாவுமாக மூன்றடி தள்ளி நின்றேன். செல்லத்தாயின் கை அவன் சட்டைக்கு அடியில் போய் அப்படியே நின்றுவிட்டது. அவர் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. முந்தானையை எடுத்து மூடிக்கொண்டு, எதையோ பதமாக எடுத்து, பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட இறக்குவதுபோல டிரம் தண்ணீருக்குள் மெதுவாக இறக்கினார். சணல் சுற்றிய உருண்டை. தேங்காய் அளவுகூட இருக்காது. ஆனால் பத்துப் பேர் கைகால் போவதற்குப் போதும்.

மதினி பார்த்துவிட்டார். நான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

"சத்தம் போடாதீக" என்றார் செல்லத்தாய், மதினியின் காதருகே. "இப்ப வெளிய தெரிஞ்சா இங்கனயே வெட்டிக்கிட்டுச் சாவாங்க. ஒரு கண்ணு போதும். இவனக் கூட்டிட்டுப் போங்க."

திடலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி மறைவில் மதினி மகனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். ஏன் என்று கேட்கவில்லை. "கம்பெனி மருந்து கேட்டத் தாண்டி எப்பிடிலே வெளிய வந்துச்சு?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "ஒன் சாப்பாட்டுப் பையிலதான்மா. கேட்டு ரூம்ல ஆணியில மாட்டி வச்சிருப்பேல்ல, அதுல போட்டுருவேன். நாலு நாளு. ஒன்னயத்தான் யாரும் சோதிக்க மாட்டாகளே."

பத்து வருஷமாக மதினி எல்லோரையும் சோதித்தார். மதினியைச் சோதிக்க வேண்டும் என்று கம்பெனிக்கும் தோன்றவில்லை, மதினிக்கும் தோன்றவில்லை. அந்த நாலு சாயங்காலமும் அவர் தூக்குச்சட்டிக்கு அடியில் மருந்துப் பொட்டலத்தோடு, பையை மடியில் வைத்துக்கொண்டு, முப்பது பெண்களோடு வேனில் வந்திருக்கிறார். பக்கத்துச் சீட்டு செல்லத்தாயுடையது. மதினி மகனை அடிக்கவில்லை. தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பொங்கல் அமைதியாக முடிந்தது. நான் தீர்மானப் புத்தகத்தில் எழுதினேன்: 'பிடிபட்ட ஆயுதம் ஒன்று. கத்தி. கீழத்தெரு.' பிழை திருத்துவது என் தொழில். அந்த வரியில் எழுத்துப்பிழை ஒன்றும் இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன்.

அதற்கப்புறம் மேலத்தெரு பேசிய பேச்சைக் கேட்க வேண்டுமே! "பாத்தீகளா, கத்தியோட வந்தது யாரு? கீழத்தெருப் பயலுக. நம்ம பயலுககிட்ட ஒரு குண்டூசி கெடச்சுதா?" டீக்கடையில் என் அண்ணன் சோலைச்சாமி இதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தார். கீழத்தெருப் பையன்கள் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறினார்கள். செல்லத்தாய் வாயைத் திறக்கவில்லை. மதினி வேனில் அவர் பக்கத்தில் உட்காருவதை நிறுத்திவிட்டார்.

வைகாசியில் பாராட்டு விழா வைத்தோம். பக்கத்துக் காவல் நிலையத்திலிருந்து எஸ்.ஐ. வந்திருந்தார். சான்றிதழ் கொடுத்தார்கள். ஒன்பது பேரும் கைகட்டிப் படம் எடுத்துக்கொண்டோம். கடைசியில், தாய்மார்களையும் கௌரவிக்க வேண்டும் என்று யாருக்கோ ஞாபகம் வந்து மதினியை மேடைக்குக் கூப்பிட்டார்கள். மீதமிருந்த ஒரு துண்டைத் தலைவர் சுடலை அவர் தோளில் போட்டார். "ரெண்டு வார்த்த பேசும்மா" என்றார்.

முந்தின நாள் மதினி என் வீட்டுக்கு வந்திருந்தார். தான் என்ன சொல்லப் போகிறேன் என்பதைச் சொன்னார். நான் படித்தவன் அல்லவா, நிதானமாக எடுத்துச் சொன்னேன். "மதினி, ஒங்க மகன் உள்ள போயிருவான். ஒங்க வேலையும் போயிரும். ஊரு அமைதியா இருக்கு. எதுக்கு?"

"பதினோரு புள்ளைகள வெளிய தள்ளுனேன் கொழுந்தனாரே. ஒரு கொய்யாப்பழக் கத்திக்கு. குண்டு வச்சிருந்த எம்மகன் வீட்டுல சோறு திங்கான். இத மறச்சிட்டு அடுத்த வருசம் எந்த மூஞ்சியோட அந்தக் கேட்டுல நிக்க?" என்றார்.

மேடையில் மைக்கைப் பிடிக்கத் தெரியாமல் பிடித்துக்கொண்டு மதினி பேசினார். "கத்தி மட்டும் புடிபடல. நாட்டு வெடி ஒண்ணும் புடிபட்டுச்சு. அத வச்சிருந்தது எம்மகன் முனியராஜு. மருந்து வெளிய வந்தது என் சாப்பாட்டுப் பையில. எனக்குத் தெரியாது. ஆனா தூக்கிட்டு வந்தது நான். செல்லத்தாயி அன்னைக்கே சத்தம் போட்டிருந்தா நம்ம தெருவுல நெறையப் பேரு இன்னைக்கு இல்ல. கீழத்தெருப் புள்ளைகள நான் வெளிய தள்ளுனது தப்புன்னு சொல்லல. எம்புள்ளையத் தள்ளாதது தப்பு." அவ்வளவுதான். துண்டை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார்.

எஸ்.ஐ.க்கு வந்த எரிச்சலைப் பார்க்க வேண்டும். காப்பி குடித்துவிட்டுப் போக வந்த மனிதருக்கு மேடையில் வைத்து வேலை கொடுத்தால் எரிச்சல் வராதா? மைக்கில் நூறு பேர் கேட்டுவிட்டதால் கேட்காததுபோல இருக்கவும் முடியவில்லை. உருண்டை தண்ணீரில் கரைந்து போயிருந்தது. ஆனாலும் வழக்குப் போட ஏதோ ஒரு சட்டப்பிரிவு கிடைத்தது. முனியராஜ் நாற்பத்திரண்டு நாள் ஜெயிலில் இருந்தான். வந்ததும் திருப்பூருக்குப் பஸ் ஏறினான். வாரம் ஒருதடவை போன் பண்ணுவான். அப்பாவிடம் மட்டும் பேசுவான். மதினி பக்கத்தில் நின்று, அண்ணன் முகத்தைப் பார்த்து, மறுமுனையில் மகன் என்ன சொல்கிறான் என்று ஊகித்துக்கொள்வார்.

கம்பெனி மறுநாளே கணக்கை முடித்து அனுப்பியது. மதினி ஒரு தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போனார். மேலத்தெருவில் அவருக்குப் புதுப் பெயர் கிடைத்தது: பெற்ற பிள்ளையைப் பிடித்துக் கொடுத்தவள். கல்லெறிந்தவன், பாட்டில் எறிந்தவன், எறிந்தவனை மறைத்தவன் எல்லோருக்கும் தெருவில் மரியாதை குறையவில்லை. மதினி தெருக் குழாய்க்கு வந்தால் மட்டும் குடங்கள் நகர்ந்தன.

2008 பொங்கலுக்கு அமைதிக் குழு கூடவில்லை. சான்றிதழ் கிடைத்துவிட்டதால் தேவை ஏற்படவில்லை. ஆனால் திடலில் கயிறு கட்டியிருந்தது. மேலத்தெருப் பையன்களைச் சோதிக்க செல்லத்தாயும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். கீழத்தெருப் பையன்களைச் சோதிக்க மேலத்தெருவிலிருந்து மதினி ஒருவர்தான் வந்திருந்தார். தன்னோடு நிற்க மாட்டோம் என்று மற்றப் பெண்கள் சொல்லிவிட்டதை மதினி என்னிடம் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. நான் தண்ணீர் ஊற்றி டிரம்மை நிரப்பினேன். ஒரு வருஷமாக என்னால் ஊருக்குச் செய்ய முடிந்த உருப்படியான காரியம் அதுதான்.

கீழத்தெருப் பையன்கள் ஒருவரும் வரவில்லை. மூன்று மணி ஆனது, மூன்றரை ஆனது. கண்மாய்க் கரையில் தலைகள் தெரிந்தன. போன வருஷம் உட்கார்ந்த அதே இடத்திலேயே இந்த வருஷமும் உட்கார்ந்துவிட்டார்கள் என்று நினைத்தேன். மதினி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வெயிலிலேயே நின்றார்.

நாலு மணிக்கு நல்லசிவம் எழுந்து வந்தான். பின்னால் அவன் செட்டு வந்தது. நேராக மதினிக்கு முன்னால் வந்து நின்று, "பாத்துக்கோங்க" என்று சட்டையை இடுப்புக்கு மேல் தூக்கிப் பிடித்தான்.

மதினி இடுப்பைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், சட்டைப் பையில் கை விட்டார். சின்ன பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று வந்தது.

"என்னதுய்யா இது?"

"கண்ணுல விடுறது. வெயில் பட்டா எரியும்."

மதினி அதன் மூடியை இறுக்கித் திருகி, அவன் பையிலேயே வைத்தார். "உள்ள பந்தல் நெழல்ல நில்லு" என்றார். அவன் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனான். அவனுக்குப் பின்னால் பத்துப் பேரும் வரிசையாக வந்தார்கள். மதினி ஒருத்தனையும் விடாமல் தடவிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான் அவருக்குக் கை ஒழியவில்லை.